பார்சல் ஆபீஸ் அப்பாவுக்கு ஒரு பதில்

ஐயா, வணக்கம்.

பன்னிரண்டாவது முடித்த மகளை என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்க, போன வாரம் அவளை என்னிடம் அழைத்துக்கொண்டு வந்திருந்தீர்கள். கிளம்பும்போது வாசலில் நின்று, அவள் காதில் விழாதபடி ஒன்று கேட்டீர்கள்: "இருபத்தஞ்சு வருஷமா மூட்டையோட மல்லுக்கட்டிட்டேன் சார். பொண்ணும் படிச்சு முடிச்சிட்டு அதே குடோனுக்கா வரணும்?" அன்று கூட்டம் அதிகம், நின்று பதில் சொல்ல முடியவில்லை. இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீங்கள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் உங்கள் மகள் என்னிடம் சொன்னது இதுதான்: "அப்பாவோட சேத நோட்டுல எல்லாமே பெட்டியைப் பிரிச்ச பிறகு எழுதினதுதான் சார். எந்த ஊர்ல உடைஞ்சுதுன்னு ஒரு வரியில்கூட இல்ல." என் முன்னால் வந்து உட்காரும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரு படிப்பின் பெயரைச் சொல்வார்கள். பக்கத்து வீட்டில் யாரோ படித்தார்கள் என்பார்கள். இப்படி ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு வருகிற பிள்ளை அபூர்வம். அந்தக் கேள்வி உங்கள் கடலூர் திருப்பாதிரிப்புலியூர் ஆபீஸில் பிறந்தது ஐயா.

அது எவ்வளவு சரியான கேள்வி என்பது என் வீட்டிலேயே எனக்குத் தெரிந்தது. என் அம்மாவுக்குச் சர்க்கரை. ஒரு கத்திரி வெயிலில் அவருக்கான இன்சுலினைக் கூரியரில் வரவழைத்தோம். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். மஞ்சக்குப்பம் வீட்டுக்குத் தெர்மாகோல் பெட்டி வந்தபோது உள்ளே இருந்த ஜெல் பை வெதுவெதுவென்று இருந்தது. எப்போதிலிருந்து சூடேறியது? வண்டியிலா, ஏதாவது ஊர் குடோன் வாசலிலா? ஒருவருக்கும் தெரியவில்லை. கம்ப்யூட்டரில் 'டெலிவரி ஆனது' என்று மட்டும் இருந்தது. மருந்து பார்வைக்குத் தெளிவாகத்தான் இருந்தது, ஆனால் அம்மாவுக்குப் போட மனம் வரவில்லை. மொத்தத்தையும் தூக்கிப் போட்டோம்.

பார்கோடு என்பது கேட்டால் மட்டும் பேசும் சாட்சி. ஒரு ஆள் ஸ்கேன் பண்ணும் இடத்தில் 'வந்தது' என்று சொல்லும், அடுத்த ஆபீஸில் 'போனது' என்று சொல்லும். நடுவில் ராத்திரி முழுக்க லாரியில் நடந்தது அதற்குத் தெரியாது. லாரி ரசீது போடும் உங்கள் எல்.ஆர். புத்தகத்துக்கும் தெரியாது. அந்த ராத்திரியைப் பதிவு செய்வதுதான் உங்கள் மகள் படிக்க நினைக்கிற வேலை. பொருள்களே தங்கள் நிலையை இணையம் வழியாகச் சொல்ல வைக்கும் இந்தத் துறைக்கு 'இன்டர்நெட் ஆஃப் திங்ஸ்' என்று பெயர். பெட்டிக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி இருக்கும். வெப்பத்தை ஒரு சென்சார் அளக்கும். கீழே போட்டால் அந்த அதிர்ச்சியை இன்னொன்று பதிவு செய்யும். வெளிச்சத்தை உணரும் சென்சார் ஒன்று இருந்தால் வழியில் யாராவது பெட்டியைத் திறந்தார்களா என்பதும் தெரிந்துவிடும், மூடிய பெட்டிக்குள் வேறு எப்படி வெளிச்சம் வரும்? இந்தக் கணக்கையெல்லாம் மணி, நிமிடத்தோடு சிம் வழியாகவோ, லாரியில் பொருத்திய இன்னொரு பெட்டி வழியாகவோ அனுப்பிவிடும்.

இது நடக்காத கதை இல்லை. தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டிகளின் வெப்பநிலையைச் சிம் பொருத்திய கருவிகள் அனுப்பிக்கொண்டே இருக்கும் 'ஈவின்' ஏற்பாடு 2015-இல் நம் நாட்டில் தொடங்கியது. உங்கள் லாரிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்கும் இந்தக் குடும்பம்தான். பேட்டரி கிடையாது, டோல்கேட்டில் இருக்கும் ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்கிறது. சொல்லப்போனால் 'இன்டர்நெட் ஆஃப் திங்ஸ்' என்ற அந்தப் பெயரே சரக்குத் தொழிலில் பிறந்தது. 1999-இல் அந்தப் பெயரை வைத்த கெவின் ஆஷ்டன் அப்போது சோப்பு, லிப்ஸ்டிக் விற்றுக்கொண்டிருந்த பிராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியில் இருந்தார். கடை அலமாரியில் என்ன சரக்கு தீர்ந்தது என்பதைக் கம்ப்யூட்டரே தெரிந்துகொள்ள வழியுண்டா என்பதுதான் அவருடைய யோசனை. உங்கள் மகள் கேட்டது அதற்குப் பக்கத்துக் கேள்வி.

இதில் கஷ்டமான இடங்களையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வேலை அங்கேதான் இருக்கிறது. தகரக் கூரை போட்ட குடோனுக்குள் ஜி.பி.எஸ். சரியாக எடுக்காது. சிக்னல் இல்லாத ரோட்டில் கருவி தன் கணக்கைத் தனக்குள்ளேயே எழுதி வைத்திருந்து, சிக்னல் கிடைத்ததும் மொத்தமாக அனுப்பத் தெரிந்திருக்க வேண்டும். நொடிக்கு ஒரு தரம் அனுப்பினால் பேட்டரி சென்னை போய்ச் சேராது. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தரம் போதுமா என்றால், அது மீனுக்கு ஒரு கணக்கு, மருந்துக்கு ஒரு கணக்கு. நூறு ரூபாய் வாடகை வாங்கும் பார்சலுக்குள் ஆயிரம் ரூபாய் கருவியை வைத்தால், அந்தக் கருவியைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவதே தனி பார்சல் வேலையாகிவிடும். இதையெல்லாம் வகுப்பறையில் மட்டும் படித்தவர்கள் முதல் வருடத்தில் தடுமாறுவார்கள். லோடு இறக்கும்போது 'உடையும் பொருள்' என்று ஒட்டிய பெட்டி எங்கே போய் விழும் என்று உங்கள் மகளுக்குப் பத்து வயதிலிருந்தே தெரியும்.

இனி எந்தப் படிப்பு என்பது. கல்லூரி விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வரும் புதுப் பாடப் பெயர்களுக்காகப் பணம் கட்டாதீர்கள். எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் எடுக்கட்டும். புரோகிராமிங்கைக் கூடவே விடாமல் கற்கட்டும். சென்சாரும் சிக்னலும் அதில் அடிப்படையிலிருந்து வரும், நாளை இந்தத் துறை மாறினாலும் அந்த அடிப்படை கையைவிட்டுப் போகாது. நீங்கள் சொன்ன கம்ப்யூட்டர் சயின்ஸ் தப்பில்லை. அதில் சேர்ந்தாலும் இந்த வேலைக்கு வரலாம், ஆனால் கருவிப் பக்கத்தை அவளாகத்தான் தேடிக் கற்க வேண்டியிருக்கும்.

ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில்தான் படித்திருக்கிறாள். பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அவளுக்கு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கு வரும். 'அவ்வளவு பணத்துக்கு எங்க போவேன்' என்று நீங்கள் விட்ட பெருமூச்சை நான் கவனித்தேன், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். பண்ருட்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி இருக்கிறது, அதையும் பட்டியலில் எழுதுங்கள். பிள்ளைச்சாவடியில் இருக்கும் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், அதாவது பழைய பொறியியல் கல்லூரி, பக்கம்தானே என்று நினைப்பீர்கள். அதற்குச் சேர்க்கை சென்டாக் என்ற புதுச்சேரி அரசின் சேர்க்கைக் குழு வழியாக. நம் கலந்தாய்வில் அது வராது, தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கட் ஆஃப் எட்டாவிட்டால் மனம் உடைய வேண்டாம். மூன்று வருட டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.இ. சேரும் வழி இருக்கிறது. லேப்பில் கை பழகிய டிப்ளமோ பிள்ளைகள் இந்தத் துறையில் நன்றாகவே நிற்கிறார்கள்.

கல்லூரியைப் பார்க்கப் போனால் கட்டடத்தைப் பார்க்காமல் லேப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். போன வருடப் பிள்ளைகள் செய்த புராஜெக்ட் எங்கே என்று கேளுங்கள். அதைக் கடையில் ஆயத்தமாக வாங்கினார்களா, அவர்களே செய்தார்களா என்று உங்கள் மகள் இரண்டு கேள்வியில் கண்டுபிடித்துவிடுவாள்.

கல்லூரி திறக்கும்வரை அவள் சும்மா இருக்க வேண்டாம். சென்சார் சொல்வதைக் குறித்துவைக்க ஈஎஸ்பி32 என்று ஒரு சின்ன போர்டு, டிஎஸ்18பி20 என்று ஒரு வெப்ப சென்சார், இரண்டும் சேர்ந்து சில நூறு ரூபாய்க்குள் வந்துவிடும். கடையில் டிஹெச்டி11 என்ற விலை குறைந்த சென்சாரை எடுத்து நீட்டுவார்கள். அறை வெப்பம் பார்க்க அது போதும். ஆனால் அது 2 டிகிரி கூடக் குறையக் காட்டலாம். 7 என்று அது காட்டும்போது உண்மையில் 9 இருந்தால், என் அம்மாவின் மருந்து கெட்டுப் போவதை அந்தக் கருவியே மறைத்துவிடும். டிஎஸ்18பி20 அரை டிகிரிக்குள் சரியாகச் சொல்லும். துறைமுகத்திலிருந்து உங்கள் வண்டியில் ஏறும் மீன் பெட்டி ஒன்றில், சரக்குக்காரரிடம் கேட்டுக்கொண்டு, ஈரம் படாமல் கட்டி இந்தக் கருவியை வைக்கட்டும். சென்னை மாதவரத்தில் இறக்கும்போது எடுத்து, எந்த மணிக்கு எத்தனை டிகிரி இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதட்டும். என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் வகுப்புகளை இலவசமாகவே பார்க்கலாம், தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். அதையும் தொடங்கட்டும்.

வாசலில் நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். குடோனுக்கு அவள் வருவாள், மூட்டையைத் தொட மாட்டாள். ஆரம்ப வருடங்களில் கருவி பொருத்தவும், பழுது பார்க்கவும், வண்டி நிற்கும் யார்டுக்குப் போகவும் நேரலாம். அதை மறைத்து உங்களிடம் இனிப்பாகப் பேச எனக்கு விருப்பமில்லை. முதல் வேலை பெரும்பாலும் சென்னை, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கும், கடலூரில் உடனே கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். ராத்திரி ஷிஃப்ட் என்றால் உங்களுக்குக் கவலை வரும். கருவி வடிவமைப்பு, சாஃப்ட்வேர், வந்த கணக்கைப் படித்துச் சொல்வது என்று பகல் வேலைகளும் இதிலேயே இருக்கின்றன. எது பிடிக்கும் என்பது மூன்றாம் வருடத்தில் அவளுக்கே தெளிவாகும், இன்றே முடிவு கட்ட அவசியமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் இருவரும் வாருங்கள். மார்க் ஷீட், சாதிச் சான்று, ஆறாவதிலிருந்து படித்ததற்கான பள்ளிச் சான்று மூன்றும் வேண்டும். உங்கள் சேத நோட்டையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். எந்தப் பொருள் எந்த மாதத்தில் அதிகம் கெட்டுப் போயிருக்கிறது என்று அவளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.