கவ்வும் வாய், தட்டும் கால்: தத்தெடுத்த நாய் பற்றிய கேள்வி பதில்

தெருநாய்க் குட்டிகளை எடுத்து வளர்த்து, நல்ல வீடு பார்த்துத் தத்துக் கொடுத்துவருபவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: நான்கு மாதக் குட்டியைத் தத்தெடுத்து ஒரு வாரம் ஆகிறது. கையைக் கண்டாலே கவ்வுகிறது. பெரிதானால் ஆளைக் கடிக்குமோ அம்மா?

இந்த வயதில் கவ்வாத குட்டியைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை வரும். 28 பால்பற்கள் விழுந்து, ஆறேழு மாதத்துக்குள் 42 பற்கள் முளைத்தாக வேண்டும். ஈறு சும்மா இருக்குமா? பழைய துண்டை நனைத்து, முறுக்கி, ஃப்ரீசரில் வைத்துக் கொடுங்கள். சமைத்த எலும்பு மட்டும் கூடாது. சில்லுசில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

இன்னொன்றும் உண்டு. கூடப்பிறந்தவற்றோடு புரளும்போது ஒன்று அழுத்திக் கடித்தால் மற்றது வீலென்று கத்திவிட்டு ஆட்டத்தை விட்டே போய்விடும். எவ்வளவு அழுத்தலாம் என்று குட்டி கற்பது அங்கேதான். ஐந்து வாரத்திலேயே தாயிடமிருந்து பிரித்த குட்டிக்கு அந்தப் பாடம் பாதியில் நின்றிருக்கும். மீதியை நீங்கள்தான் நடத்த வேண்டும். பல் அழுந்தியதும் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். இழுத்தால் அதற்கு அது எலி பிடிக்கும் விளையாட்டு. கையைத் தளர்த்துங்கள், பேசாமல் எழுந்து போங்கள், அரை நிமிடம் கழித்துத் திரும்பி வந்து கடிக்கத் தக்க பொம்மையை நீட்டுங்கள். ஒரு குட்டி என் புடவைக் கொசுவத்தைக் கவ்விக்கொண்டு சமையலறைவரை சறுக்கிக்கொண்டே வரும். நான் சிரித்துத் தொலைத்தேன். அதனால் அந்தப் பழக்கத்தை விடுவிக்க இரண்டு மாதம் ஆயிற்று.

கேள்வி: மூக்கில் ஒரு தட்டு தட்டினால் சரியாகும் என்கிறார் என் மாமனார்.

ஆகாது. கை வந்தாலே அடி வரும் என்று கற்றுக்கொள்ளும். நாளைக்குக் கழுத்துப்பட்டை மாட்டப் போகும் கையையும் அப்படியே நினைக்கும்.

கேள்வி: மூன்று வயது நாட்டு நாய். நான் சாப்பிட உட்கார்ந்தால் முன்னங்காலால் தொடையைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. “சீ, போ” என்றாலும் நிறுத்தவில்லை.

முதல் இட்லித் துண்டு யார் கொடுத்தது? தட்டினால் ஏதோ ஒன்று கிடைக்கிறது என்பது அதன் கணக்கு. “சீ, போ” என்பதும் கிடைப்பதுதான். நீங்கள் அதன் முகத்தைப் பார்த்துப் பேசிவிட்டீர்களே! தட்டும்போது பார்க்கவே வேண்டாம். நான்கு காலும் தரையில் இருக்கும்போது கூப்பிட்டுக் கொஞ்சுங்கள். முதல் சில நாட்களில் இன்னும் பலமாகத் தட்டும், பிறாண்டும். அப்போது மனமிரங்கி ஒரு வாய் கொடுத்தால், பலமாகத் தட்டினால் கிடைக்கும் என்று பாடம் ஏறிவிடும். தாத்தா மேசைக்கடியில் ரகசியமாகக் கொடுக்கும் வீட்டில் எதுவும் பலிக்காது.

எல்லாத் தட்டலும் கேட்பதல்ல. நீங்கள் குனிந்து அணைக்கும்போது ஒரு காலைத் தூக்கி, காதை ஒடுக்கி, உதட்டை நக்கினால் அதற்கு அச்சம். “கை கொடுக்கிறது” என்று மகிழாமல் விலகி உட்காருங்கள்.

கேள்வி: விளையாட்டுக் கவ்வலா, நிஜக் கடியா என்று எப்படித் தெரியும்?

விளையாட்டில் உடல் நெளியும், முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் தூக்கி நிற்கும். நிஜத்தில் உடல் விறைத்து வாய் இறுகும், கடைக்கண் வெள்ளை தெரியும், உறுமும். உறுமலுக்கு அடிக்காதீர்கள், அடுத்தமுறை சொல்லாமலே கடிக்கும். சாதுவாக இருந்த பெரிய நாய் ஓரிடத்தைத் தொட்டால் மட்டும் கவ்வுகிறது என்றால் அங்கே வலி. கால்நடை மருத்துவரிடம் காதையும் இடுப்பையும் காட்டுங்கள்.

கேள்வி: விளையாடும்போது பல் பட்டு லேசான கீறல். வீட்டு நாய்தானே, விட்டுவிடலாமா?

விடக் கூடாது. வெறிநோய்த் தடுப்பூசியைக் குட்டிக்கு மூன்று மாதத்தில்தான் போடுகிறோம். தெருவிலிருந்து வந்ததற்குப் பழைய கதை யாருக்குத் தெரியும்? ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். ரத்தம் வரவில்லை என்பது ஊசியைத் தள்ளிப்போடக் காரணமல்ல.