நாலடிப் பெட்டி போதுமா?

வளர்ப்புப் பிராணிகள்: வாசகர் கேள்வி – பதில்

நாய், கிளி, மீனெல்லாம் இந்த இதழில் கொஞ்சம் ஒதுங்கி நிற்கட்டும். செட்டிநாட்டுப் பக்கமிருந்து வந்த கடிதங்களில் ஆளாளுக்குப் பால் பைத்தான்தான் (ball python, மிரண்டால் பந்து மாதிரி சுருண்டுகொள்கிற ஆப்பிரிக்க மலைப்பாம்பு). எல்லாருமே சுற்றிச் சுற்றிக் கேட்பது பெட்டியின் அளவைத்தான் என்பதால் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது பெண் பால் பைத்தான், நாலடிக்குக் கொஞ்சம் கூட இருக்கும். வாங்கும்போது தந்த இரண்டரை அடி பிளாஸ்டிக் டப்பிலேயே வைத்திருக்கிறேன். பெரிய இடத்தில் விட்டால் பயந்துபோய் இரை எடுக்காது, சின்ன இடம்தான் அதற்குப் பிடிக்கும் என்று விற்றவர் சொன்னார். உண்மையா?
– கல்லூரி மாணவர், காரைக்குடி

பாதி உண்மை தம்பி, அந்தப் பாதிதான் ஆபத்து. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் புல்வெளிகளில் இது பகல் முழுக்க எலி வளையிலோ கரையான் புற்றிலோ சுருண்டு கிடக்கும், அதனால் நெருக்கமான மறைவிடம் வேண்டும் என்பது சரி. ஆனால் ராத்திரியானால் வெளியே வந்து நெடுந்தூரம் ஊர்ந்து இரை தேடும், சில நேரம் மரத்திலும் ஏறும், ஆண் பாம்புகள் பறவைக் குஞ்சுகளைக் கூடப் பிடித்துத் தின்னும். படுக்க ஒரு மூலை பிடிக்கும் என்பதற்காக அந்த மூலையையே முழு வீடாக்கிவிட்டால் எப்படி?

பெரிய பெட்டியில் பாம்பு பயப்படுவது பெட்டி பெரிதாக இருப்பதால் அல்ல, காலியாக இருப்பதால். நாலடிக் கண்ணாடித் தொட்டியில் ஒரு தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் வைத்து நடுவில் விட்டால் எந்தப் பாம்பும் மிரளத்தான் செய்யும். அதே தொட்டியில் இரண்டு மறைவிடம், ஒரு மரக்கிளை, உலர்ந்த இலை, பிளாஸ்டிக் செடி என்று நிரப்பிப் பாருங்கள், பயம் இருக்காது. விற்கிறவர்கள் டப்பில் வைப்பதற்குக் காரணம் வேறு. ஒரே அலமாரியில் இருபது முப்பது பாம்பை அடுக்க வேண்டும், அது அவர்கள் தொழில். உங்களிடம் இருப்பது ஒன்றுதானே!

இனி அளவு. வளர்ந்த பெண் நாலு முதல் ஐந்தடி வரும், ஆண் மூன்று, மூன்றரையில் நின்றுவிடும். நீளத்தையும் அகலத்தையும் கூட்டினால் பாம்பின் நீளம் வந்தால் போதும் என்று ஒரு பழைய கணக்கு உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை, பாம்பு எப்போதும் மடங்கியே கிடக்கும்படி ஆகிவிடும். ஒரு தடவையாவது உடம்பை நேராக நீட்ட இடம் வேண்டும், அப்போதுதான் தசைக்கு வேலை, செரிமானத்துக்கும் நல்லது. உங்களுக்கு நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்பதுதான் ஆரம்பம், அதற்குக் கீழே இறங்காதீர்கள். இந்தப் பெட்டியில் மூலைக்கு மூலை ஏறக்குறைய நாலரை அடி கிடைக்கும், அந்தக் குறுக்குப் பாதையை மட்டும் சாமான் வைத்து அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்தடியை நெருங்குகிற பெண் என்றால் பெட்டியும் ஐந்தடியாக இருந்தால் நிம்மதி.

பாம்பை டேப் வைத்து அளப்பது ஆகாத வேலை, இழுத்துப் பிடித்தால் முதுகெலும்புக்குத்தான் கேடு. உங்கள் ஊரில் அதற்கு நல்ல வழி இருக்கிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் சுவரோரமாக ஊர விடுங்கள், ஓரளவு நேராகும்போது மேலிருந்து செல்போனில் படம் எடுத்துவிட்டு எத்தனை கல் தாண்டுகிறது என்று எண்ணுங்கள். கல் ஒன்றின் அளவை மட்டும் முதலிலேயே ஸ்கேலால் பார்த்துக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வீடு மாறும்.

பெட்டி மாற்றும்போது பழைய டப்பிலிருந்த மறைவிடத்தைக் கழுவாமல் அப்படியே எடுத்துப் புதுப் பெட்டியில் வையுங்கள், அதன் வாசனை இருந்தால் சீக்கிரம் பழகும். ஒன்றிரண்டு வாரம் இரையைத் தொடாமல் கிடந்தாலும் பதற வேண்டாம், இந்தச் சாதிக்குப் பட்டினி சர்வ சாதாரணம். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை போட்டு வாருங்கள், பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய தேக்கு ஷோகேஸ் ஒன்று பார்த்தேன். உயரம் ஐந்தடி, அகலம் மூன்றடி, ஆழம் ஒன்றரை அடி, முன்னால் நகரும் கண்ணாடிக் கதவு. மூன்றரை அடி ஆண் பாம்புக்குப் பெட்டியாக்கலாமா?
– வாசகர், தேவகோட்டை

ஆசை நல்ல ஆசைதான். நிற்க வைத்தபடி வேண்டாம், ஐந்தடி உயரத்தால் பாம்புக்குப் பெரிய லாபமில்லை, ஏறுவதில் ஆர்வம் இருந்தாலும் இது கெட்டியாகப் பிடித்து ஏறுகிற பாம்பில்லை, தொப்பென்று விழும். பக்கவாட்டில் படுக்க வைத்துவிட்டால் ஐந்தடி நீளம், மூன்றடி உயரம், ஒன்றரை அடி ஆழம். ஆழம் இரண்டடியாக இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும், ஆனாலும் உங்கள் பாம்பு முழுசாக நீட்டிப் படுக்கலாம், தாராளம். கதவும் முன்பக்கமே இருக்கும், அது முக்கியம். மேலிருந்து கை இறங்கினால் பருந்து இறங்குகிற மாதிரிதான் அதற்குத் தோன்றும், முன்பக்கமாகக் கையை நீட்டினால் அவ்வளவு மிரளாது.

கவனிக்க வேண்டியது இரண்டு. முதலாவது வாசனை. பழைய மர சாமான் என்றால் கரையான் மருந்து, அந்துருண்டை, வார்னிஷ் எல்லாம் ஏறியிருக்கும், கடைக்காரர் நேற்றுத்தான் பாலிஷ் போட்டு மினுக்கியும் வைத்திருப்பார். கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டு முகர்ந்து பாருங்கள், அந்துருண்டை நெடி மூக்கில் ஏறினால் வாங்காதீர்கள், கரையான் மருந்து சமீபத்தில் அடித்ததென்றால் பேச்சே வேண்டாம். சுத்தமாக இருந்தால் உட்புறத்தைத் தேய்த்து, தண்ணீரில் கரைகிற வகைப் பூச்சு அடித்து, வாசனை துளிகூட இல்லாமல் போகும்வரை திறந்தே போட்டு வையுங்கள், அவசரப்படக் கூடாது.

இரண்டாவது, கதவு. நகரும் கண்ணாடிகள் ஒன்றையொன்று தாண்டுகிற இடத்தில் விரல் நுழைகிற சந்து இருக்கும். மூக்கு நுழைந்தால் போதும், மீதிப் பாம்பும் பின்னாலேயே வந்துவிடும், அப்புறம் பட்டியக்கல் இடுக்கிலும் பரண் மேலும் தேடிக்கொண்டிருப்பீர்கள். ரப்பர் பட்டை ஒட்டி, ஷோகேஸ் பூட்டு ஒன்றும் போட்டுவிடுங்கள். காற்றுக்கு ஒரு முனையில் தாழவும் மறுமுனையில் உயரவும் துளை போட்டு எஃகு வலை அடியுங்கள். குறுக்குப் பலகைகளைக் கழற்றி, ஒன்றை மட்டும் ஓரடி உயரத்தில் திண்ணை மாதிரி பொருத்துங்கள், அதன் மேலும் படுக்கும், கீழும் படுக்கும். விலைதான்... அந்தத் தெருவில் வெளிநாட்டுக்காரர் பின்னால் நின்று விலை கேட்காதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

பேரன் பெங்களூரிலிருந்து பாம்போடு வந்து இறங்கிவிட்டான். மாடி அறையில் சின்னக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறான், அடியில் சூடு தட்டு வேறு. எங்களுக்கே சித்திரை வெயில் தாங்கவில்லை. அது பிழைக்குமா? பால் ஏதாவது ஊற்றலாமா? வீட்டுக்கு போலீஸ் வருமா?
– ஒரு ஆச்சி, பள்ளத்தூர்

ஆச்சி, பாம்பு பால் குடிக்காது, சுத்தமான தண்ணீர் போதும். மீதிக் கேள்வியில் நீங்கள் பேரனைவிடத் தெளிவாக இருக்கிறீர்கள்.

அவன் படித்ததெல்லாம் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியது, அங்கே கவலை பெட்டியைச் சூடாக்குவது. நம்ம ஊரில் பங்குனி முதல் ஆவணி வரைக்கும் கவலை குளிர வைப்பதுதான். பால் பைத்தானுக்குப் பெட்டியின் ஒரு முனை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், மறுமுனை 25, 26 என்று இரண்டு வெப்பநிலை வேண்டும். அது தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ளவோ ஆற்றிக்கொள்ளவோ முடியாது, இடம் மாறி மாறிப் படுத்துத்தான் சரிசெய்துகொள்ளும். சின்னப் பெட்டியில் அடியில் தட்டைப் போட்டால் நாலு மூலையும் ஒரே சூடு, ஒதுங்க இடமே கிடையாது. பெரிய பெட்டி வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு, நீட்டிப் படுப்பதைவிட இதுதான் பெரிய காரணம்.

வெளியே 38, 39 அடிக்கும்போது மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற அறை அடுப்புதான். பெட்டியைக் கீழே கொண்டுவரச் சொல்லுங்கள், வளவை (நடு முற்றமுள்ள பகுதியை) ஒட்டின உள் அறையில், கனத்த சுவர் ஓரமாக, முற்றத்து வெயில் நேராக விழாத இடத்தில். உங்கள் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரும் உயரமான கூரையும் செய்கிற வேலையை எந்தக் கருவியும் செய்யாது. சூடு தட்டு தெர்மோஸ்டாட்டோடு (சூடு அளவு மீறாமல் நிறுத்துகிற கருவி) இணைக்காமல் இருந்தால் இன்றைக்கே பிடுங்கி வைக்கச் சொல்லுங்கள், வயிறு வெந்துபோன பாம்புகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். மார்கழி, தை இரவுகளில் அந்தத் தட்டுக்கு வேலை இருக்கும், அதுவும் தெர்மோஸ்டாட்டோடு. பெட்டியின் இரண்டு முனையிலும் வெப்பமானி இருக்க வேண்டும், குளிர்ந்த முனையே 32-ஐத் தாண்டினால் ஐஸ் தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி அந்தப் பக்கம் வைக்கலாம். ஏ.சி. அறை இருந்தால் இன்னும் சுலபம். தண்ணீர்க் கிண்ணத்திலேயே முழுநாளும் கிடந்தால் பெரும்பாலும் சூடு தாங்காமல்தான், செதில் இடுக்கில் உண்ணி இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்க்கட்டும்.

மறைவிடத்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம். மானாமதுரை மண்சட்டி இரண்டை ஒரே அளவில் வாங்கி, விளிம்பில் வாசல் வெட்டி, வெட்டிய ஓரத்தை உப்புத்தாள் போட்டு மழுக்கி, ஒவ்வொரு முனையிலும் ஒன்றாகக் கவிழ்த்துவிடலாம். சுருண்டால் பக்கம் இடிக்கிற அளவு போதும். குளிர்ந்த பக்கத்துச் சட்டி மேல் காலையில் தண்ணீர் தெளித்தால் உள்ளே நல்ல குளுமை இருக்கும். தரைக்கு சிங்கம்புணரிப் பக்கம் கிடைக்கிற தென்னை நார்த்தூள், உப்புப் போக இரண்டு மூன்று முறை அலசி, பிழிந்து உலர்த்திப் போட்டால் ஈரப்பதம் அறுபது சதவீதம் அளவில் நிற்கும். மரத்தூள் வேண்டாம்.

போலீஸ் கேள்விக்கு: இது நம் நாட்டுப் பாம்பில்லை. 2022-இல் திருத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் (பன்னாட்டு வணிகத்துக்குக் கட்டுப்பாடுள்ள உயிரினங்களின் பட்டியல்) வருகிறது, 2024 விதிகளின்படி கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்திருக்க வேண்டும், குட்டி பிறந்தாலும் செத்தாலும் கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். வாங்கிய ரசீதும் பதிவும் இருக்கிறதா என்று பேரனிடம் கேளுங்கள். இல்லையென்று தலையைச் சொறிந்தால் உடனே வனத்துறையிடம் போய்க் கேட்டுவிடுவது நல்லது. விமான நிலையங்களில் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்து பிடிபடுகிற பாம்புகளில் இதுவும் அடிக்கடி இருக்கிறது.

ஒன்றரை அடிக் குட்டி. இப்போதே நாலடிப் பெட்டி வாங்கிவிடலாமா, படிப்படியாக மாற்றலாமா?
– கானாடுகாத்தான்

இப்போதே வாங்கலாம், மூன்று தடவை செலவு செய்வதற்கு ஒரே தடவை. மறைவிடத்தை மட்டும் குட்டி அளவுக்குச் சின்னதாக நாலைந்து போட்டு, பெட்டியை நெருக்கமாக நிரப்பி வையுங்கள், வளர வளரச் சட்டியை மாற்றலாம். ஆனால் குட்டி இரை எடுக்கத் திணறினால் இரண்டடிப் பெட்டியில் கொஞ்ச நாள் வைத்துத் தேற்றி எடுப்பதில் தப்பில்லை.

நாலடிப் பெட்டியில் இரண்டு பாம்பு சேர்த்து விடலாமா? ஒன்றின் மேல் ஒன்று பாசமாகப் படுக்கின்றனவே?
– புதுவயல்

கூடாது. அது பாசமில்லை, நல்ல இடத்துக்குப் போட்டி. இரை வைக்கும்போது ஒன்றையொன்று கவ்விக்கொள்ளவும் செய்யும், எது கழிந்தது, எது கக்கியது என்றும் உங்களுக்குத் தெரியாது. இரண்டு பாம்பு என்றால் இரண்டு பெட்டிதான்.

கண்மாய்க் கரையில் மலைப்பாம்புக் குட்டி கிடைத்தது. இதற்கும் அதே அளவுப் பெட்டி போதுமா?
– கோட்டையூர்

பெட்டியே வேண்டாம். நம் மலைப்பாம்பு அதே சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, வீட்டில் வைத்தாலே குற்றம், மண்ணுளியும் வளர்க்கக் கூடாத பாம்புதான். வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள், அவர்கள் வரும்வரை காற்று போகிற மாதிரி ஒரு சாக்கில் கட்டி நிழலில் வையுங்கள், இரை எதுவும் கொடுக்காதீர்கள்.