இந்திய பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு பிரிட்டனில் ஓட்டுப் போடலாமா?

கேள்வி: நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள். கணவர் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் வேலை பார்க்கிறார், நான் டிபென்டன்ட் விசாவில் இருக்கிறேன். இங்கிலாந்தில் உள்ள லெஸ்டருக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், வாக்காளர் பட்டியலில் யார் பெயர் வர வேண்டும் என்று கேட்டு உள்ளாட்சி அமைப்பான கவுன்சிலில் இருந்து கடிதம் வந்திருக்கிறது. "நாம இந்த ஊர் பிரஜையே இல்ல, எதுக்கு வம்பு, கிழிச்சுப் போடு" என்கிறார் கணவர். பெயரைப் பதிந்தால் விசாவுக்கோ இந்தியக் குடியுரிமைக்கோ பாதிப்பு வருமா? மாமியார் விசிட் விசாவில் வந்து எங்களோடு தங்கியிருக்கிறார். அவர் பெயரையும் எழுத வேண்டுமா?

பதில்: கிழிக்க வேண்டாம். நீங்களும் உங்கள் கணவரும் இங்கே ஓட்டுப் போடத் தகுதி உள்ளவர்கள். கவுன்சில் தேர்தலில் மட்டுமல்ல, பிரதமர் யார் என்பதைத் தீர்மானிக்கும் பொதுத் தேர்தலிலும் உங்களுக்கு ஓட்டு உண்டு.

இதைச் சொன்னால் பலரும் நம்புவதில்லை. "குடியுரிமை வாங்கின பிறகுதானே?" என்று திருப்பிக் கேட்பார்கள். 1983ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 18 வயது நிறைந்திருக்க வேண்டும், பிரிட்டனில் வசிக்க வேண்டும், பிரிட்டன், அயர்லாந்து அல்லது ஏதாவது ஒரு காமன்வெல்த் நாட்டின் குடிமகனாக இருக்க வேண்டும். காமன்வெல்த் நாட்டவர் என்றால் செல்லுபடியாகும் விசா இருக்க வேண்டும், அல்லது விசாவே தேவைப்படாதவராக இருக்க வேண்டும். அது எந்த வகை விசா என்று சட்டம் பார்ப்பதில்லை. மாணவர் விசா, வேலை விசா, டிபென்டன்ட் விசா எல்லாம் ஒன்றுதான். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் நான்குமே காமன்வெல்த் நாடுகள் என்பதால், இங்கே வந்து குடியிருக்கும் தமிழர்களில் பெரும்பாலோருக்கு வந்த நாளில் இருந்தே இந்த உரிமை இருக்கிறது. நிரந்தரக் குடியிருப்பு கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இது எப்படி வந்தது என்று தெரிந்தால் உங்கள் கணவரின் தயக்கம் குறையும் என்று நினைக்கிறேன். பேரரசுக் காலத்தில் மன்னருக்குக் கீழே இருந்த எல்லோரும், லண்டனில் பிறந்தவரும் பாளையங்கோட்டையில் பிறந்தவரும், சட்டப்படி 'பிரிட்டிஷ் பிரஜை'கள்தான். 1892இல் இந்தியரான தாதாபாய் நவ்ரோஜி லண்டன் ஃபின்ஸ்பரி சென்ட்ரல் தொகுதியில் நின்று ஜெயித்து நாடாளுமன்றத்துக்குப் போனது அந்த அடிப்படையில்தான். இந்தியா சுதந்திரம் அடைந்த பிறகு வந்த 1948 குடியுரிமைச் சட்டமும் காமன்வெல்த் குடிமக்களுக்கு அந்தப் பெயரை விட்டுவைத்தது. 1962இல் தொடங்கி குடிவரவுச் சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்து, நாட்டுக்குள் நுழையும் உரிமையை எடுத்துவிட்டன. 1981 குடியுரிமைச் சட்டம் 'பிரிட்டிஷ் பிரஜை' என்ற அந்தப் பெயரையும் எடுத்தது. வாக்குரிமையை மட்டும் யாரும் தொடவில்லை. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகலாமா என்று கேட்ட 2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்பில் இங்கே வசித்த இந்தியர்களும் இலங்கையர்களும் ஓட்டுப் போட்டார்கள். இருபது வருடமாக இங்கேயே இருந்த பிரெஞ்சுக்காரருக்கும் போலந்துக்காரருக்கும் அன்று ஓட்டு இல்லை.

பொதுத் தேர்தலில் ஓட்டு குடிமக்களுக்கு மட்டும் என்று ஆக்க வேண்டும் என 2008இல் கோல்ட்ஸ்மித் பிரபு அரசுக்குக் கொடுத்த அறிக்கை பரிந்துரைத்தது. இன்றும் அப்படிச் சொல்பவர்கள் உண்டு. ஒரு நாட்டின் அடையாளத்தில் குடியுரிமைக்கு என்ன இடம் என்பது நியாயமான கேள்விதான். ஆனால் சட்டம் மாறாதவரை உங்கள் ஓட்டு முழு ஓட்டு. வரி கட்டுகிறீர்கள், அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ்ஸில் காத்திருக்கிறீர்கள், பிள்ளைகளை இங்குள்ள பள்ளிக்கு அனுப்புகிறீர்கள். அதையெல்லாம் நடத்துவது யார் என்பதில் உங்கள் சொல்லும் இருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். 2024 ஜூலை 4 பொதுத் தேர்தலில் வடக்கு லண்டனின் ஹெண்டன் தொகுதி கைமாறியது 15 ஓட்டு வித்தியாசத்தில். ஒரே தெருவில் அதைவிட அதிகமான நம்மவர் வீடுகள் இருக்கும்.

சரி, உங்கள் பயங்களுக்கு வருகிறேன். விசாவுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. விசாவில் 'அரசு உதவித்தொகை பெறக்கூடாது' என்ற நிபந்தனை இருக்கும். வாக்காளர் பட்டியல் அந்தக் கணக்கில் வராது. பின்னால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போதும், தகுதியோடு பதிந்து ஓட்டுப் போட்டது உங்களுக்கு எதிராகப் போகாது. தகுதி இல்லாமல் பொய்த் தகவல் கொடுத்துப் பதிந்தால்தான் அது குற்றம்.

இந்தியக் குடியுரிமையும் போகாது. வேறு நாட்டுக் குடியுரிமையை நீங்களாக விரும்பி வாங்கினால்தான் 1955 குடியுரிமைச் சட்டப்படி இந்தியக் குடியுரிமை முடியும். ஓட்டுப் போடுவது குடியுரிமை வாங்குவது ஆகாது. வெளிநாடுவாழ் இந்தியராக 6ஏ படிவம் கொடுத்து உங்கள் பாஸ்போர்ட்டில் உள்ள ஊரின் பட்டியலிலும் பெயர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே நேரில் போய்த்தான் ஓட்டுப் போட முடியும்.

மாமியார் பெயரை எழுதாதீர்கள். அவரும் காமன்வெல்த் குடிமகள்தான், விசாவும் இருக்கிறது, ஆனால் அவர் இங்கே வசிப்பவர் இல்லை, வந்து போகிறவர். நல்லெண்ணத்தில் வீட்டில் இருக்கும் எல்லோர் பெயரையும் எழுதிவிட்டு, பிறகு கவுன்சில் விளக்கம் கேட்கும்போது திண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கடிதத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அதிலேயே எழுதியிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். பதில் தராவிட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அந்தக் கடிதத்தில் பெயர் எழுதிவிட்டாலே பட்டியலில் சேர்ந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். 2014 முதல் குடும்பத் தலைவர் எல்லோருக்கும் சேர்த்துப் பதியும் பழக்கம் இல்லை. ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதிய வேண்டும். கவுன்சில் டாக்ஸ் கட்டுவதும் இதுவும் வேறு வேறு. அரசு இணையதளத்தில் ஐந்து நிமிட வேலை. முகவரி, பிறந்த தேதி, எந்த நாட்டவர் என்ற விவரம், நேஷனல் இன்சூரன்ஸ் எண் (வேலை, வரிக் கணக்குக்கான எண்), அவ்வளவுதான். உங்களுக்கு அந்த எண் இன்னும் வரவில்லை என்றாலும் பதியலாம், கவுன்சில் வேறு ஆவணம் கேட்கும். தேர்தலுக்கு 12 வேலை நாள் முன்பே பதிந்திருக்க வேண்டும்.

பதியும்போது ஒரு கட்டம் வரும்: 'திறந்த பட்டியலில்' பெயர் வேண்டுமா என்று. அதை யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கலாம், விளம்பரக் கம்பெனிகள் உட்பட. வேண்டாம் என்று குறியுங்கள், ஓட்டுக்கு ஒன்றும் ஆகாது. முழுப் பட்டியல் தனி. கடன் மதிப்பீட்டு நிறுவனங்கள் முகவரியைச் சரிபார்ப்பது அதை வைத்துத்தான். வந்த புதிதில் மொபைல் கான்ட்ராக்ட்கூடக் கிடைக்காமல் அலைந்தவர்களுக்கு இந்தப் பதிவு நல்ல உதவி. முகவரி வெளியே தெரிந்தால் உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் இருப்பவர்கள், உதாரணமாக அடிக்கிற கணவனிடமிருந்து தப்பி வந்த பெண்கள், பெயர் வெளியிடாமல் பதிய வழி இருக்கிறது. கவுன்சிலின் தேர்தல் பிரிவைக் கேட்க வேண்டும்.

பட்டியலில் பெயர் வந்தால் ஒரு கடமையும் கூடவே வரும். வழக்கில் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரிக்கு ஆள் எடுப்பது இதில் இருந்துதான். 13 வயதுக்குப் பிறகு தொடர்ந்து ஐந்து வருடமாவது பிரிட்டனில் வசித்திருந்தால் அழைப்பு வரலாம். உங்களுக்கு மூன்று வருடம்தான் ஆகிறது, அதனால் இப்போதைக்கு இல்லை. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லாத ஒருவரையும் கிரௌன் கோர்ட்டில் உட்கார வைத்து, இவர் குற்றவாளியா இல்லையா என்று கேட்கிறது இந்த ஊர்ச் சட்டம். அது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

அப்புறம், நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது: பெயர். 2023 மே முதல் இங்கிலாந்தில் நேரில் ஓட்டுப் போடப் படம் ஒட்டிய அடையாள அட்டை வேண்டும். காமன்வெல்த் நாட்டு பாஸ்போர்ட் ஏற்கப்படும், அதனால் உங்கள் இந்திய பாஸ்போர்ட்டே போதும். காலாவதி ஆகியிருந்தாலும் படம் உங்களைப் போல் இருந்தால் சரி. பிள்ளைகளின் யுனிவர்சிட்டி கார்டு செல்லாது. ஆனால் அட்டையில் உள்ள பெயரும் பட்டியலில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். நமக்கோ ஊரில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில், கல்யாணத்துக்குப் பிறகு சிலருக்குக் கணவர் பெயர், சம்பளச் சீட்டில் வேறொரு வரிசை. ஓட்டுச்சாவடியில் இருப்பவருக்கு 'எஸ். முத்துலட்சுமி'யும் 'முத்துலட்சுமி சுடலைமுத்து'வும் ஒரே ஆள்தான் என்று தெரிய வாய்ப்பில்லை. பாஸ்போர்ட்டில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே பதியுங்கள். ஏற்கெனவே வேறு மாதிரிப் பதிந்தவர்கள் தேர்தல் பிரிவுக்குச் சொல்லி இப்போதே திருத்திக்கொள்ளலாம். கல்யாணத்தால் பெயர் மாறியிருந்தால் திருமணச் சான்றிதழைக் கையோடு கொண்டுபோங்கள்.

இங்கே தேர்தல்கள் பெரும்பாலும் மே மாதத்தில், வியாழக்கிழமையில் வரும். அந்த நேரத்தில் ஊருக்கு டிக்கெட் போட்டிருந்தால் தபால் ஓட்டைவிட, நம்பிக்கையான ஒருவரை உங்களுக்குப் பதிலாகப் போடச் சொல்லும் பிராக்ஸி முறைதான் சரி. தபால் சீட்டு திருநெல்வேலிக்கு வந்து, நிரப்பி, லெஸ்டருக்கு நேரத்தில் திரும்பிப் போய்ச் சேர்வது கஷ்டம்.