பத்து செக்கன் ஒற்றைக் காலில்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. பத்து செக்கன் ஒற்றைக் காலில் நிற்க முடியாதவர்கள் அதிக நாள் இருக்க மாட்டார்கள் என்று குடும்ப வட்ஸ்அப்பில் யாரோ வீடியோ போட, அம்மா ஹோலில் நின்று செய்து பார்த்திருக்கிறார். நாலு செக்கனில் தடுமாறிக் கதிரையைப் பிடித்துவிட்டார். அன்றிலிருந்து ஒரே பயம். விழுந்துவிடுவார் என்று நாங்களும் கோயிலுக்கு விடுவதில்லை. கொஞ்சம் மறதியும் இருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
— ஒரு மகள், வெள்ளவத்தை

பதில்: வீடியோ போட்டவரைக் கூப்பிட்டு மிச்சக் கதையையும் சொல்லச் சொல்லுங்கள். ஆய்வு உண்மைதான். பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் 51 முதல் 75 வயது வரையான 1,702 பேரை நிற்கவைத்துப் பார்த்து 2022இல் வெளியிட்டார்கள். நிற்க முடியாதவர்களில் அடுத்து வந்த ஏழு வருடம் மட்டில் இறந்தவர்கள் கூடுதல். ஆனால் அதே ஆய்வில் 71 முதல் 75 வயதுக்காரரில் 54 சதவீதம் பேரால் அந்தப் பத்து செக்கன் முடியவில்லை. அம்மா பெரும்பான்மைக் கட்சியில்தான் இருக்கிறார், சொல்லிவிடுங்கள். முடியாதவர்களுக்கு நீரிழிவு மாதிரி வருத்தங்களும் அதிகம் இருந்தன. அதையெல்லாம் கழித்த பிறகும் வித்தியாசம் இருந்தது உண்மை, என்றாலும் கால் தடுமாறியதால்தான் இறந்தார்கள் என்று ஆய்வு சொல்லவில்லை.

சரி, மறதிக்கு வருவோம். சமநிலை என்றதும் நாம் காலைத்தான் நினைக்கிறோம். கால் வெறும் கூலியாள், கணக்குப் பார்ப்பது மூளை. கண் ஒரு செய்தி அனுப்பும், உட்காதில் உள்ள திரவம் நிறைந்த வளையங்கள் ஒன்று அனுப்பும், பாதமும் மூட்டுகளும் ஒன்று அனுப்பும். மூன்றையும் ஒப்பிட்டு எந்தத் தசையை எவ்வளவு இழுப்பது என்று திருத்திக்கொண்டே இருக்கும் வேலையில் பெரும்பங்கு தலையின் பின்பக்கத்துச் சிறுமூளைக்கு. அளவில் அது மூளையில் பத்தில் ஒன்றுதான், ஆனால் நரம்புக் கலங்களில் பாதிக்கு மேல் அதற்குள்தான் இருக்கின்றன. முகத்துக்குச் சவர்க்காரம் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு பைப்பைத் தேடும்போது உடம்பு இலேசாக ஆடுமே, அதுதான் மூன்று செய்தியில் ஒன்று நின்றுபோன நேரம். இளம் வயதில் மற்ற இரண்டும் சமாளித்துவிடும். வயது போகப் போக கண்ணில் புரை, சீனி வருத்தத்தில் பாதம் மரப்பு என்று எல்லாச் செய்தியும் மங்கும்போது, முன்பு தானாக நடந்ததை மூளை கவனம் வைத்துச் செய்ய வேண்டியிருக்கிறது. கவனம் முழுக்க அங்கே போனால் மற்ற வேலைக்கு என்ன மிஞ்சும்? நடந்துகொண்டிருக்கும்போது கதை கொடுத்தால் பதில் சொல்வதற்காக நின்றுவிடுகிற முதியவர்கள் பிறகு அதிகம் விழுகிறார்கள் என்று 1997இலேயே சுவீடனில் கவனித்திருக்கிறார்கள். (எங்கள் ஆட்கள் கதையின் முக்கியமான இடம் வந்தால் இருபது வயதிலும் நடுரோட்டில் நிற்பார்கள், அது வேறு.)

சமநிலையைப் பழக்கினால் ஞாபகம் கூடுமா என்றும் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியின் ஹம்பர்க்கில் 40 பேர், 12 வாரம், வாரத்துக்கு இரண்டு தடவை. சமநிலைப் பயிற்சி செய்தவர்களுக்கு ஞாபகமும் இடம், திசை பற்றிய கணிப்பும் முன்னேறின, உடம்பைத் தளர்த்தும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு இல்லை. ஆனால் அவர்கள் 19 முதல் 65 வயது வரையானவர்கள், ஆளும் கொஞ்சம். ஒற்றைக் காலில் நின்றால் மறதி நோய் வராது என்று அடுத்த வீடியோ வந்தால் நம்பாதீர்கள்.

அம்மாவை வீட்டுக்குள் வைத்திருப்பதைப் பற்றி மட்டும் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். கோயில் வாசலில் ஒரு காலைத் தூக்கிச் செருப்பைக் கழற்றுவது, குழாயடியில் ஒரு காலால் மற்றக் காலைத் தேய்த்துக் கழுவுவது, எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்த்து இது யாருடைய மருமகள் என்று யோசிப்பது, எல்லாமே மூளைக்கு வேலை. சோபாவிலும் சீரியலிலும் இதில் ஒன்றும் இல்லை. கூடப் போங்கள்.

அதற்கு முன் டொக்டரிடம் ஒரு முறை. பிரஷர் குளிசை, நித்திரைக் குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள், படுத்தெழும்பும்போது பிரஷர் இறங்குகிறதா என்று கேளுங்கள், மறதியையும் மறைக்காமல் சொல்லுங்கள். திடீரென்று தடுமாற்றம், வாய் கோணல், பேச்சுக் குழறல் என்றால் டொக்டருக்கு நம்பர் எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.

டொக்டர் சரி என்றால், குசினியில் அடுப்பு இல்லாத பக்கம், மேடையில் இரண்டு கையும் வைத்து, வெறுங்காலோடு, கேத்தில் கொதிக்கும் வரை. முதலில் ஒரு காலின் குதி மற்றக் காலின் விரலைத் தொட நிற்கட்டும். பழகியதும் ஒரு கையை எடுக்கலாம், அப்புறம் ஒரு காலைக் கொஞ்சம் தூக்கலாம். அதுவும் வந்துவிட்டால், நின்றபடியே 100ஆம் நம்பர் பஸ் போகிற வழியைச் சொல்லச் சொல்லுங்கள்: வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, காலிமுகத்திடல், கோட்டை. பிறகு கோட்டையிலிருந்து திருப்பி. திருப்பிச் சொல்லும்போதுதான் ஆட்டம் கூடும், பக்கத்தில் நில்லுங்கள்.

கேள்வி: படுக்கையில் திரும்பினால் அறையே சுற்றுகிறது, அரை நிமிஷத்தில் நின்றுவிடுகிறது. மூளையில் ஏதாவதா?
— பம்பலப்பிட்டி வாசகர், வயது 58

பதில்: பெரும்பாலும் காது. உட்காதில் இருக்கும் சுண்ணாம்புத் துணிக்கைகள் இடம் மாறி வளையத்துக்குள் போனால் இப்படித்தான் சுற்றும். டொக்டர் தலையை ஒரு ஒழுங்கில் திருப்பித் திருப்பி அவற்றை வெளியே கொண்டுவருவார். பலருக்கு ஓரிரு தடவையில் சரியாகிவிடும். எந்தக் காது என்று தெரியாமல் யூடியூப் பார்த்துத் திருப்ப வேண்டாம். இரட்டையாகத் தெரிவது, கை கால் சோர்வு, கடும் தலையிடி சேர்ந்து வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

கேள்வி: ஓய்வு பெற்றுவிட்டேன், 66 வயது. காலையில் ஒழுங்காக நடக்கிறேன். மனைவி நடன வகுப்புக்கும் வா என்கிறார். நடை போதாதா? ஆட்கள் சிரிக்க மாட்டார்களா?
— கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: நடையை விடாதீர்கள். அமெரிக்காவில் 120 முதியவர்களை வைத்துச் செய்து 2011இல் வெளியான ஆய்வில், ஒரு வருடம் நடந்தவர்களின் மூளையில் ஞாபகத்துக்கு முக்கியமான பகுதி 2 சதவீதம் மட்டில் வளர்ந்திருந்தது, வெறுமனே கைகாலை நீட்டி மடக்கியவர்களுக்கு அது சுருங்கியிருந்தது. ஆனால் தெரிந்த பாதையில் தினமும் நடக்கிற கால் எதையும் புதிதாக யோசிப்பதில்லை. ஜெர்மனியின் மக்டபேர்க்கில் முதியவர்களில் ஒரு பகுதிக்கு நடனமும் மற்றவர்களுக்கு வழக்கமான உடற்பயிற்சியும் 18 மாதம் கொடுத்துப் பார்த்து 2017இல் எழுதினார்கள். நடனக்காரருக்கு அடிக்கடி புது அடவு, பழகி முடிவதற்குள் அடுத்தது. மூளையின் ஞாபகப் பகுதி இரண்டு குழுவுக்கும் வளர்ந்தது, ஆனால் சமநிலை கூடியது நடனக்காரருக்கு மட்டும். இதுவும் சிறிய ஆய்வுதான், ஆனாலும் நான் உங்கள் மனைவி பக்கம்.

சிரிப்பைப் பற்றி: கலியாண வீட்டில் பைலா போட்டால் கதிரையில் இருந்துகொண்டே தோளை ஆட்டுகிற ஆள்தானே நீங்கள்? அதைப் பார்த்து எல்லாரும் எப்போதோ சிரித்து முடித்திருப்பார்கள். போகும்போது வழுக்காத அடி உள்ள சப்பாத்தாகப் பார்த்து வாங்குங்கள், மனைவிக்கும் ஒன்று.