கெக்கோவுக்குப் பூச்சி, இகுவானாவுக்குக் கீரை

முதல்முறையாகப் பல்லி வளர்க்கப் போகிறேன். லெப்பர்டு கெக்கோ, பியர்டட் டிராகன், இகுவானா மூன்றில் எது லேசு? (கீழக்கரை)

கெக்கோ. முக்கால் அடிதான் வளரும், மூன்றடித் தொட்டி போதும். டிராகன் இரண்டடி வரை வரும். நாலடிக் கூண்டும், 40 டிகிரிச் சூட்டில் குளிர்காய ஒரு மூலையும் கேட்கும். இகுவானா ஐந்தடியைத் தாண்டும், அதற்கு ஒரு அறையையே விட வேண்டும். கடையில் உள்ளங்கையில் உட்காரும் குட்டியைப் பார்த்து மயங்காதீர்கள்.

என் பல்லி சாப்பிடவில்லை. என்ன செய்வது? (சாயல்குடி)

எந்தப் பல்லி? என்ன வயது? தொட்டியில் எத்தனை டிகிரி? தெர்மாமீட்டர் வாங்கிவிட்டு மறுபடி எழுதுங்கள்.

மூன்றுக்கும் ஒரே தீனி போடலாமா? (தங்கச்சிமடம்)

கூடாது. கெக்கோவுக்கு உயிருள்ள பூச்சி மட்டும், இகுவானாவுக்கு இலைதழை மட்டும். டிராகன் குட்டியில் பூச்சியை அதிகம் தின்னும், வளர்ந்தபின் கீரைக்கு மாறும். முருங்கைக்கீரை நல்லது. பாலக் தினமும் வேண்டாம், கால்சியத்தை உடம்பில் சேரவிடாது. பூச்சிமேல் கால்சியம் பொடி தூவ மறக்காதீர்கள்.

எட்டு மாத டிராகன். தாடை மெத்தென்று இருக்கிறது, பின்னங்கால் நடுங்குகிறது. ஜன்னலோரம் நல்ல வெயிலில்தான் தொட்டி இருக்கிறது. (ராமநாதபுரம்)

எலும்பு இளகுகிறது. இன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள், இனிப் பொடி தூவி மட்டும் சரிசெய்ய முடியாது.

வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத ஊரில் இந்த நோயைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கால்சியத்தை உடம்பு ஏற்க வைட்டமின் டி வேண்டும். அது உண்டாக வெயிலில் இருக்கும் யுவிபி என்ற புற ஊதாக் கதிர் தோலில் பட வேண்டும். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், சூட்டையும் விடும், அந்தக் கதிரை மட்டும் விடாது. இதை எத்தனை தடவைதான் எழுதுவது! காலை வெயிலில் கம்பிவலைக் கூண்டில் அரைமணி நேரம் வையுங்கள், பாதிக் கூண்டுக்கு நிழல் இருக்கட்டும். கண்ணாடித் தொட்டியையே தூக்கி வெயிலில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் வெந்துவிடும். அப்புறம், யுவிபி டியூப் எரிகிறதே என்று வருஷக்கணக்கில் விடாதீர்கள்; வெளிச்சம் இருக்கும், கதிர் போயிருக்கும். வருஷத்துக்கு ஒன்று மாற்றுங்கள்.

தொட்டியில் கடற்கரை மணல் பரப்பலாமா? (தொண்டி)

வேண்டாம். அதில் உப்பு இருக்கும்; தீனியோடு மணலை விழுங்கினால் குடலும் அடைக்கும். பழைய செய்தித்தாள் போதும்.

மழைக்கால ஈரம் ஒத்துக்கொள்ளுமா? (பாம்பன்)

இகுவானாவுக்குக் கொண்டாட்டம். டிராகன் ஆஸ்திரேலிய வறண்ட நிலத்துப் பிராணி; நுரையீரலில் சளி கட்டும். காற்றோட்டம் முக்கியம்.

கருவேலங்காட்டில் உடும்புக் குட்டி கிடைத்தது. என்ன தீனி கொடுக்கலாம்? (தேவிபட்டினம்)

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. வளர்த்தால் ஜெயில். தீனி கேட்காமல் வனத்துறைக்குப் போன் போடுங்கள்.