கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம்

ஐயா,

என் ஊர் திருவாரூர்ப் பக்கம் ஒரு கிராமம். ஆறு ஆண்டுகளாகப் பெங்களூரு வொயிட்ஃபீல்டில் வேலை பார்க்கிறேன். காவிரிப் பேச்சு எழும்போதெல்லாம் அலுவலகத்தில் ஒரு கன்னட நண்பர், "உங்கள் ஊருக்கு எதற்கு இவ்வளவு தண்ணீர்?" என்று கேட்கிறார். ஊர் வாட்ஸாப் குழுவில் கர்நாடகத்துக்குச் சாதகமான ஒரு செய்தியைப் பகிர்ந்தால், "அவர்கள் சோற்றைத் தின்பவன் அவர்களுக்காகத்தான் பேசுவான்" என்கிறார்கள். இரு பக்கமும் பொய் கலந்திருக்கிறது, உண்மை நடுவில்தான் இருக்கும் என்று முடிவுசெய்து, இப்போது இரண்டு இடத்திலும் நான் வாய் திறப்பதில்லை. இது சரியா? அரசியலில் சொந்தமாகச் சிந்திக்க எந்த நூல்களைப் படிக்க வேண்டும்? சமூக ஊடகம் நம்மைச் சிந்திக்க முடியாதவர்களாக ஆக்கிவிட்டதா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் மறைந்த என் தந்தையின் டிரங்குப் பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தேன். அதில் பழுப்பேறிய கல்யாணப் பத்திரிகை ஒன்று கிடைத்தது. அதன் பின்பக்கம் முழுவதும் பென்சிலில் காவிரிக் கணக்கு. அதைக் கையில் வைத்துக்கொண்டே உங்கள் கடிதத்தைப் படித்தேன்.

சமூக ஊடகம் பற்றிய கேள்வியை விட்டுவிடுகிறேன். 1991இல் எங்கள் தெருவில் எவரிடமும் கைபேசி கிடையாது, ஆனாலும் வதந்தி எவ்வளவு வேகமாக ஓடும் என்பதைப் பார்த்தவன் நான். நூல் பட்டியலும் தரப்போவதில்லை. என்னை வருத்தியது, உண்மையைச் சொன்னால் கோபப்படுத்தியது, "உண்மை நடுவில்தான் இருக்கும்" என்ற உங்கள் ஒற்றை வாக்கியம். இரண்டு பேர் சண்டையிடும் இடத்துக்கு நடுவே போய் நிற்பதற்குச் சிந்தனையே தேவையில்லை. அவர்கள் இருவரும் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்தால் போதும்.

காவிரியையே எடுத்துக்கொள்வோம். மைசூர் சமஸ்தானத்துக்கும் சென்னை மாகாணத்துக்கும் இடையே 1892இலும் 1924இலும் ஒப்பந்தங்கள் ஏற்பட்டன. அவை வெள்ளையர் ஆட்சியில் மைசூரின் மேல் திணிக்கப்பட்டவை, ஆகவே செல்லாதவை என்பது உங்கள் அலுவலக நண்பர் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த வாதமாக இருக்கும். 1924 ஒப்பந்தம் என்றைக்கும் செல்லும் என்பது உங்கள் ஊர்த் திண்ணையில் நீங்கள் கேட்டு வளர்ந்த வாதம். 2018 பிப்ரவரி 16 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இரண்டையுமே மறுத்தது. ஒப்பந்தங்கள் செல்லுபடியானவை என்றது. 1924 ஒப்பந்தம் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் 1974இல் காலாவதியானது என்றும் சொன்னது. இந்த இரண்டில் எதற்கு நீங்கள் நடுப்புள்ளி காண்பீர்கள்? ஒப்பந்தம் பாதி செல்லும் என்பீர்களா? ஒரு கேள்வியில் அவர் வாதம் முழுவதுமாகத் தோற்றது, மறு கேள்வியில் நம் வாதம் முழுவதுமாகத் தோற்றது. ஒவ்வொரு கேள்வியையும் தனியாக எடுத்து அதன் அடி வரைக்கும் போய்ப் பார்க்கும் உழைப்பிலிருந்து தப்பிக்கத்தான் பலரும் நடுநிலை என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். நீங்கள் அவர்களில் ஒருவராக ஆகிவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன்.

இனி அந்தப் பத்திரிகைக்கு வருகிறேன். என் தந்தை மாயவரத்துப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்து, ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் டர்னராக, அதாவது கடைசல் தொழிலாளியாக, வேலை பார்த்தவர். ஸ்ரீராமபுரத்தில் குடியிருந்தோம். 1991 ஜூனில் காவிரி நடுவர் மன்றம், தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் விட வேண்டும் என்று இடைக்கால ஆணை பிறப்பித்தது. அதை முறியடிக்கக் கர்நாடக அரசு கொண்டுவந்த அவசரச் சட்டம் செல்லாது என்று நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. டிசம்பரில் ஆணை அரசிதழில் வெளியானதும் நகரம் எரிந்தது. தமிழர் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓசூரில் ஓர் உறவினர் வீட்டுக்கு ஓடினோம். எனக்கு அப்போது பதினைந்து வயது.

அந்த வீட்டில் எங்களைப் போல ஓடி வந்தவர்கள் இருபது பேராவது இருந்தோம். எல்லோரும் கொதித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் நாள் இரவு என் தந்தை, "205 டி.எம்.சி.ன்னா எவ்வளவு தண்ணி?" என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. "எவ்வளவுன்னு தெரியாமலே அடிச்சுக்கிறோம், அடி வாங்குறோம்" என்று சொல்லிவிட்டு, கையில் அகப்பட்ட பத்திரிகையைத் திருப்பி வைத்துக்கொண்டு கணக்குப் போட உட்கார்ந்தார். எனக்கு அவர்மேல் அடக்க முடியாத ஆத்திரம் வந்தது. வீடு என்ன ஆயிற்று என்றே தெரியாத நேரத்தில் கணக்கு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று கத்தினேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்தக் கணக்கு இப்போது என் முன்னால் இருக்கிறது. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. நொடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடினால் அது ஒரு டி.எம்.சி. ஓர் அடி உயரத்துக்கு நிறுத்தினால் ஏறத்தாழ 23,000 ஏக்கரில் நிற்கும். 205 டி.எம்.சி. என்றால் ஆண்டு முழுவதும் நொடிக்குச் சுமார் 6,500 கன அடி. அதற்குக் கீழே, "ஆனால் குறுவைக்கு ஜூனிலேயே வேணும். அவங்களுக்கும் அப்பதான் நடவு" என்று எழுதி, அதன் அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

அந்த இரண்டு கோட்டைப் பற்றித்தான் பல நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆண்டு மொத்தத்தைப் பற்றியே எல்லோரும் கத்திக்கொண்டிருந்தபோது, சண்டையின் முடிச்சு மாதத்தில் இருக்கிறது என்பதை ஒரு டர்னர் பென்சிலால் கண்டுபிடித்துவிட்டார். நல்ல மழை பெய்த ஆண்டில் இந்தச் சண்டையே இருப்பதில்லை. தென்மேற்குப் பருவமழை பொய்க்கும் ஆண்டில், கர்நாடகத்தில் மண்டியாவின் வயலும் இங்கே காவிரி டெல்டாவின் வயலும் ஒரே வாரத்தில் ஒரே தண்ணீருக்குக் காத்திருக்கும். பற்றாக்குறையை எப்படிப் பகிர்வது என்பதில்தான் இன்றைக்கும், 2018 ஜூனில் காவிரி மேலாண்மை ஆணையம் அமைந்த பிறகும், இரு மாநிலங்களும் மோதிக்கொள்கின்றன.

ஊர் அடங்கித் திரும்பியபின் என் தந்தை நடுவில் போய் நிற்கவில்லை. டெல்டாவுக்குத் தண்ணீர் வந்தே ஆக வேண்டும் என்று தொழிற்சாலைக் கேன்டீனில் தம் கன்னட நண்பர்களிடம் இந்த எண்களை வைத்துக்கொண்டு வாதாடினார். மாயவரத்துக்குப் போகும்போது, மண்டியா விவசாயி திருடன் அல்ல என்று தம் அண்ணனிடமே சொல்லிப் பெரும் சண்டையை வாங்கிக்கொண்டார். இரண்டு இடத்திலும் அவருக்குக் கெட்ட பெயர். உங்களுக்கும் இரண்டு இடத்திலும் கெட்ட பெயர்தான், ஆனால் அவர் அதற்குப் பிறகும் பேசினார்.

அவருடைய மகனான நான் அப்படி நடந்துகொள்ளவில்லை. தமிழ்நாட்டுக்குள்ளேயே கிடைக்கும் காவிரி நீரையும் சேர்த்து நடுவர் மன்றம் இறுதியாகத் தந்திருந்த மொத்தப் பங்கு 2018 தீர்ப்பில் 419 டி.எம்.சி.யிலிருந்து 404.25 ஆகக் குறைக்கப்பட்டது என்ற செய்தி வந்த அன்று மாலையே, தீர்ப்பின் ஒரு வரியையும் படிக்காமல், அநீதி என்று கட்டுரை எழுதினேன். பலர் பாராட்டினார்கள். சில வாரங்கள் கழித்துத்தான் படித்தேன். குறைக்கப்பட்ட 14.75இல் 4.75 டி.எம்.சி. பெங்களூரு நகரின் குடிநீருக்குப் போயிருந்தது. நகரின் மூன்றில் ஒரு பகுதிதான் காவிரிப் படுகைக்குள் இருக்கிறது என்று அந்த அளவுக்கு மட்டுமே நடுவர் மன்றம் கணக்கிட்டிருந்ததை நீதிமன்றம் ஏற்கவில்லை. குடிநீர் எல்லாவற்றுக்கும் முந்தியது என்றது. நான் பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். என் வீட்டுக் குழாயில் வருவது காவிரி. நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டில் ஏற்றிக் கொண்டுவரப்படும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே அதை அநீதி என்று எழுதியிருந்தேன். அந்த 4.75 நியாயம் என்று இன்று முழுமையாக நம்புகிறேன். டெல்டாவின் நிலத்தடி நீரைக் காட்டிக் குறைத்த மற்ற 10 டி.எம்.சி. தவறு என்றும் அதே அளவுக்கு நம்புகிறேன். கடலோரத்தில் அந்த நீர் உப்பேறிக் கிடப்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். இதை யாராவது நடுநிலை என்று அழைத்தால் ஏற்க மாட்டேன்.

பேசாமல் இருப்பது சரியா என்று கேட்டிருந்தீர்கள். அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை, கன்னட அமைப்புகளின் எதிர்ப்பால், 1991 முதல் 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. அந்த வழியாகத் தினமும் போன நாங்கள் எவரும் வாய் திறக்கவில்லை, அமைதி காக்கிறோம் என்றே எண்ணிக்கொண்டோம். 2009 ஆகஸ்டில் இரு மாநில முதல்வர்களும் பேசி முடித்தபின், இங்கே வள்ளுவர் சிலையும் நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டன. 2016 செப்டம்பரில் இங்கே தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்தபோதும், இராமேசுவரத்தில் கர்நாடக வாகனங்கள் தாக்கப்பட்டபோதும், உங்களையும் என்னையும் போன்றவர்கள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தோம்.

உங்கள் நண்பர் கேட்டது நல்ல கேள்வி, தம்பி. "எதற்கு இவ்வளவு தண்ணீர்?" என்பதற்கு எண்ணில் பதில் இருக்கிறது. உங்கள் வீட்டு நிலம் எத்தனை ஏக்கர், குறுவைக்கு எத்தனை நாள் தண்ணீர் வேண்டும், கடைசியாக எந்த ஆண்டு நாற்று கருகியது என்று அப்பாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு போய் அவரிடம் சொல்லுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.