ஜெராக்ஸ் மிஷின் ஸ்கேனர் ஆட்டம்: கேளுங்கள், சொல்கிறேன்

திருவல்லிக்கேணி கடைக்காரர்: வீட்டு பிளானை காப்பி எடுத்தால் சாய்வான கோடெல்லாம் அலை அலையாக நெளிகிறது. கம்ப்யூட்டர் பிரிண்ட் சுத்தமாக வருகிறது.

அண்ணே, பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். பிரிண்ட் சுத்தம் என்றால் லேசர், டிரம் (படம் விழும் உருளை) மேல் பழி இல்லை, ஸ்கேனர்தான். பெரிய மிஷின்களில் கண்ணாடிக்கு அடியில் இரண்டு வண்டி ஓடும். லைட்டும் முதல் மிரரும் உள்ளது முழு வேகத்தில், மற்ற இரண்டு மிரர் உள்ளது சரிபாதி வேகத்தில்; அப்போதுதான் தாளிலிருந்து லென்ஸ் வரை வெளிச்சம் போகும் தூரம் மாறாது. இழுக்கிற ஒயர் தளர்ந்தாலோ தண்டவாளத்தில் அழுக்கு படிந்தாலோ வண்டி திக்கித் திக்கிப் போகும். 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி என்றால், ஒரு வரிக்கு 0.042 மி.மீ.தான், மிரர் சாய்ந்தால் வெளிச்சம் அதைப்போல் இரண்டு மடங்கு திரும்பும், அதனால் கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் தாளில் தெரிந்துவிடும். கரண்ட் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, வண்டியை மெல்லத் தள்ளிப் பாருங்கள். மாட்டுகிற இடம் விரலுக்கே தெரியும். உலர்ந்த துணியால் தண்டவாளத்தைத் துடையுங்கள். எண்ணெய் வேண்டாம்.

பிரிண்டிலும் குறுக்கே பட்டை பட்டையாக வருதே?

ஸ்கேலை எடுத்து இடைவெளியை அளந்து பாருங்கள். டிரம் நொடிக்கு 150 மி.மீ. ஓடி, இடைவெளி 1 மி.மீ. என்றால் ஏதோ ஒன்று நொடிக்கு 150 தடவை அதிர்கிறது. எந்தப் பல்சக்கரம் அந்தக் கணக்குக்கு வருகிறது என்று தேடுங்கள். லேசர் யூனிட்டை மட்டும் திறந்து பார்க்காதீர்கள், கண் போகும்.

மேலே கத்தையாக வைத்து இழுக்கவிட்டால் மட்டும் நெளிகிறது.

அதில் வண்டி நிற்கும், தாள்தான் நகரும். ரோலரைத் துடையுங்கள்.

தையல் மிஷின் எண்ணெய் போடலாமா?

மேலே சொன்னதைப் படியுங்கள்.

மிஷினுக்கு அடியில் தடிமனான ஸ்பாஞ்ச் வைத்தேன், என் மிஷின் சரியாயிற்று. நீங்கள் அதைச் சொல்லவே இல்லையே?

சார், வண்டி திரும்பி வரும்போது மொத்த உடம்பையும் உதைக்கும். மெத்தையில் வைத்தால் இன்னும் ஆடத்தான் செய்யும்.

ஆனால் சரியாயிற்றே!

உங்கள் மேஜையின் நாலாவது கால் தரையைத் தொடாமல் இருந்திருக்கும், ஸ்பாஞ்ச் அமுங்கி அதைச் சமாளித்திருக்கிறது. அட்டையை மடித்துக் காலுக்கு அடியில் வையுங்கள், ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு ஒரு காப்பி எடுத்துப் பாருங்கள். பத்து வருஷமாக இந்தச் சண்டையைப் போடுகிறேன்.

தேங்காய் எண்ணெய்?

தலைக்கு.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய மிஷின் வாங்கினேன். ஆன் செய்ததும் கடகடவென்று ஆடி நிற்கிறது.

தம்பி, மிஷினைக் கொண்டுவரும் வழியில் உள்ளே இருக்கிற ஸ்கேனர் வண்டி ஆடாமல் இருக்க ஒரு பூட்டுத் திருகு போட்டிருப்பார்கள். கழற்றினீர்களா?

இப்போதுதான் கழற்றினேன் அண்ணே, ஓடுது!

சரி. திருகைத் தூக்கிப் போடாதீர்கள், அடுத்த தடவை டாடா ஏஸில் ஏற்றும்போது வேண்டும்.